ஏழாவது நிபந்தனையும் ஒரு ஜாஸ் ஆல்பமும்

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. சந்தைக் குத்தகை, சுடுகாட்டுச் சுவர், தெருவிளக்கு, தெருநாய் என்று என் மேசையைத் தாண்டாத விஷயம் கிடையாது. எல்லாவற்றுக்கும் படிவம் இருந்தது. படிவம் இல்லாதவற்றுக்கு நானே ஒன்றை வரைந்து வைத்திருந்தேன். அப்படியும் எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஜாஸ் கச்சேரி நடத்திப் பதிவு செய்ய கொம்யூன் மண்டபம் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வந்தபோது, அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

கொண்டுவந்தவர் ஒரு பாடகர். கரிக்கலாம்பாக்கத்துக்காரர். மதகடிப்பட்டில் ஒரு பாய் நடத்திவந்த சவுண்டு சர்வீசில் பகலெல்லாம் வேலை: தென்னை மரத்தில் ஏறிக் கொம்பு ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகுவது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று வந்தால் அதே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு மேடையில் ஏறிப் பாடுவார். சென்னையில் அப்போது யார் யார் சினிமாவில் பாடினார்களோ அத்தனை பேரும் அவர் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். ஆண், பெண், கிழவர், குழந்தை, பக்திப் பாட்டு, இஸ்லாமியப் பாட்டு, ஒப்பாரி எதற்கும் குறைவில்லை. ஜோடிப் பாட்டென்றால் வலதுபக்கம் தலையைத் திருப்பிக் கதாநாயகனாகவும் இடதுபக்கம் திருப்பிக் கதாநாயகியாகவும் ஒரே மைக்கில் பாடிவிடுவார். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு சாப்பாட்டு இலை மிச்சம்.

இந்த வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவர் குரலை மட்டும் யாரும் கேட்டதில்லை.

“உக்காருபா. ஜாஸ்னா இன்னா?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும், புதுச்சேரியில் படித்த காலத்தில் கேட்டிருக்கிறேன். விண்ணப்பதாரருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது முறை.

“எனக்கும் செரியா தெரியாது சார். சொல்தா அண்ணன் சொன்னாரு, இதுல யாரு மாதிரியும் பாட வேணாமாம்.”

“அதுல உனக்கு இன்னா லாபம்?”

அவர் கொஞ்சநேரம் என் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருவது வருசமா பாடறேன் சார். ஒரு நாளு கூட நான் பாடுனதில்ல. மேடையில ஏத்தி உடும்போதே ‘இப்போது இன்னார் குரலில்’னு சொல்லித்தான் ஏத்தறாங்க. வூட்ல கொயந்தைய தூங்க வெக்கப் பாடுனா, அது கூட ‘அவுரு மாதிரி பாடு நைனா’ன்னு கேக்குது. ஒரு ரெக்கார்டு தட்டுல என் பேரு போட்டு என் கொரலு வரணும். ஒண்ணே ஒண்ணு. அப்பால செத்தாலும் பரவால்ல.”

சாவதற்கு வேறு படிவம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சொல்தா என்று அவர் சொன்னது வில்லியனூர்ப் பக்கத்து ஆள் ஒருவரை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பது. இந்தச் சொல்தா துப்பாக்கி தூக்கியதைவிட சாக்ஸஃபோன் தூக்கியதுதான் அதிகம். பட்டாளத்து பேண்டில் ஊதி ஊதியே பல தேசம் பார்த்தவர். வரும்போது ஒரு சாக்ஸஃபோன், ஒரு ஸ்பூல் டேப் மெஷின், யாரிடமும் ஒத்துப்போகாத ஒரு குணம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்திருந்தார். பாரிசில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இசைத்தட்டு கம்பெனி நடத்தினார். ஊர் ஊராக ஜாம் செஷன் பதிவுகளை வாங்கித் தட்டாக வெளியிடுவது அவர் தொழில். நம்மூரில் ஒன்று செய்து அனுப்பினால் போடுகிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டு நிபந்தனை: ஜனங்கள் முன்னால் நடக்க வேண்டும்; முன்கூட்டித் தயாரித்ததாக இருக்கக் கூடாது.

மறுநாள் சொல்தாவே வந்தார். தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். பிறகு பேசினோம்.

“முசியே, படிவத்துல பாட்டுப் பட்டியல் கேக்குறீங்க. ஜாம் செஷன்ல பட்டியலே கெடையாது. நாலு பேரு ஒக்காந்து பேசிக்கிற மாதிரி அது. அடுத்தவன் இன்னா சொல்லப்போறான்னு யாருக்கும் தெரியாது.”

“எங்க கொம்யூன் கூட்டமும் அப்படித்தாங்க. ஆனா அதுக்கும் நிகழ்ச்சி நிரல் உண்டு.”

“அப்ப பொய்யா எழுதச் சொல்றீங்களா?”

“பொய்யா எழுதாதீங்க. காலியா உடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளோ எடம் இருக்குது.”

பாடகர் பழக்கதோஷத்தில் அதற்குள் பன்னிரண்டு சினிமாப் பாட்டின் பெயரைக் கோணல்மாணலாக எழுதி முடித்திருந்தார். சொல்தா அதைப் பிடுங்கிக் குறுக்கே கோடு போட்டார். கடைசியில் நான் புதுப்படிவம் எடுத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா வரிசையிலும் ‘இதர’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கோப்பைத் தணிக்கைக்கு வந்த யாரும் குறை சொன்னதில்லை.

அனுமதிச் சீட்டோடு மண்டப நிபந்தனைகள் அச்சிட்ட தாளையும் கொடுத்தேன். மொத்தம் எட்டு. அதில் ஏழாவது: ‘பார்வையாளர்கள் ஒன்ஸ்மோர் கேட்கும் பட்சத்தில் கலைஞர்கள் அதே உருப்படியை மறுப்பின்றி ஒருமுறை மீண்டும் வழங்க வேண்டும்.’ முன்பு ஒரு மெல்லிசைக் குழு ஒன்ஸ்மோர் பாட முடியாது என்று முறுக்கிக்கொண்டதில் மண்டபத்து நாற்காலிகள் பல கால் இழந்தன. நாற்காலிகளை மாற்றுவதைவிட நிபந்தனை சேர்ப்பது சுலபம் என்பதால் அதை வரைந்தேன். நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து ஒருவர் கடைசிவரை இருக்க வேண்டும் என்பது எட்டாவது. அதை வரைந்தவனும் நான், போக வேண்டியவனும் நான்.

சொல்தா தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை. தேசம் பல பார்த்தவர்கள் நிபந்தனைகளைப் படிப்பதில்லை. பாடகர் நின்ற இடத்திலேயே எட்டையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

விளம்பரப் பொறுப்பை சவுண்டு சர்வீஸ் பாய் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஜாஸ் பற்றி அக்கறை இல்லை. ஜனங்களை எப்படி வரவழைப்பது என்பது தெரியும். வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மதகடிப்பட்டிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வரை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனார்: “பிரான்சு நாட்டு இசைத்தட்டில் உங்கள் கைதட்டல் பதிவாக வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் வாருங்கள்.”

வந்தார்கள். வராமல் இருப்பார்களா? பிற்பகல் இரண்டு மணிக்கு மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பலர் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். கைதட்டலுக்கும் குளியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஒரு சிக்கல் மட்டும் முன்கூட்டியே தீர்க்க வேண்டியிருந்தது. சுற்றிலும் கரும்பு வயல். மோட்டார் போட்டால் மின்சாரம் தாழ்ந்துவிடும், டேப் மெஷின் மெதுவாக ஓடும், குரல் எருமைக் குரலாகிவிடும் என்றார் சொல்தா. பெரிய நிலக்காரர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். ஞாயிறு மதியம் தன் மோட்டார்கள் அனைத்தையும் நிறுத்த ஒப்புக்கொண்டார். பதிலுக்கு, தன் கைதட்டல் தனியாகக் கேட்கும்படி முன்வரிசையில் இடம் வேண்டும் என்றார்.

உட்கார்ந்ததும் சொல்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“இந்த மைக்கு என் கைய எடுக்குமா?”

“எல்லாருதும் எடுக்கும்.”

“எல்லாருதும் எடுத்தா என்னுது எதுன்னு எப்டி தெரியும்? நான் கொஞ்சம் லேட்டா தட்டறேன்.”

சொல்தா பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரிந்தது. கோப்பில் சேர்க்கத் தக்கதல்ல.

மேடையில் நான்கு பேர். சொல்தா, பாடகர், வில்லியனூர்ப் பக்கத்துத் தவில்காரர் ஒருவர், கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர். கிளாரினெட்காரர் எதையும் கேட்கவில்லை. எந்த ஊர்வலத்தில் விட்டாலும் நடப்பவர். தவில்காரர் அப்படியில்லை.

“தாளம் இன்னா?” என்றார்.

“நாலு எண்ணிக்கை. ஆனா ரெண்டாவதும் நாலாவதும் கொஞ்சம் பாரமா விழணும். நேரா விழக் கூடாது, சாஞ்சி விழணும்.”

தவில்காரர் தொடையில் தட்டிப் பார்த்தார். “அதாவது ஒரு சக்கரம் கோணலா போன கரும்பு வண்டி.”

“அதே தான்.”

“அத்த சொல்றதுக்கு நீ அவ்வளோ தூரம் போயிட்டு வந்தியா?” என்று கேட்டுவிட்டு விரலில் கூடு மாட்டிக்கொண்டார்.

டேப் ஓடத் தொடங்கியது. சொல்தாவிடம் இருந்தது ஒரே ஒரு புது ஸ்பூல். பிரான்சிலிருந்து வந்தது, இங்கே கிடைக்காது. அவர் சாக்ஸஃபோனை வாயில் வைத்து நீளமாக ஒன்றை ஊதினார். எங்கள் மண்டபத்துத் தகரக் கூரை அதற்குமுன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கிளாரினெட் பின்னால் போனது, தவில் சாய்ந்து சாய்ந்து வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஆரம்பித்ததற்கு ஒரு கைதட்டல், மூச்சு விட்டதற்கு ஒரு கைதட்டல். ஒவ்வொன்றும் முடிந்தபிறகு நிலக்காரருடைய கைதட்டல் தனியாக ஒன்று.

பாடகரின் முறை வந்தது. கண்ணை மூடி எடுத்தார். எடுத்த உடனே மண்டபம் முழுக்கத் தெரிந்துகொண்டது, அது சென்னைக்காரர் ஒருவருடைய குரல். அச்சு அசல். சொல்தா சாக்ஸஃபோனைக் கீழே இறக்கினார்.

“யாரு அது?”

“நாந்தான் அண்ணே.”

“நீ இல்ல. அவுருக்கு நான் சொல்லி அனுப்பல. போகச் சொல்லு.”

ஜனங்கள் சிரித்தார்கள். பாடகர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை வேறொருவர். சொல்தா கூடாது என்று தலையாட்டினார். மூன்றாவது தடவை ஒரு பெண்மணி வந்தார். நான்காவதாக வந்தவரை என்னால் அடையாளம் காண முடியவில்லை. முன்வரிசை நிலக்காரர் பழைய நாடகக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, “அவுரு செத்து ரொம்ப வருசமாச்சே” என்றார்.

பாடகருக்கு வேர்த்துக்கொட்டியது. இருபது வருடமாகப் பிறர் வந்து தங்கிப் போன வீடு. சொந்தக்காரர் எந்த அறையில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. டேப் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பூலைக் காட்டிச் சொல்தா பல்லைக் கடித்தார். என் பக்கத்தில் நின்ற பாய் வாயில் கைவைத்துக்கொண்டு, “மைக்கு மேலயாவது பழிய போடுடா” என்று தணிந்த குரலில் சொன்னார். பாடகருக்கு அது கேட்டிருக்குமா, தெரியாது. ஆனால் அடுத்து அவர் அதைத்தான் செய்தார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ...”

தினமும் மரத்தடியில் நின்று சொல்கிற வார்த்தை. அதை எந்தச் சென்னைக்காரரும் பாடியதில்லை என்பதால் அதற்கு மட்டும் அவரிடம் இரவல் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, அடியில் போகும்போது மழைநீர் தேங்கிய கொம்பு ஸ்பீக்கர் போல ஒரு கொரகொரப்பு. “த்ரீ” என்று அவர் இழுத்த இடத்தில் சாக்ஸஃபோன் போய் உட்கார்ந்துகொண்டது. பாடகர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை “ஒன்” என்றார், வேறு உயரத்தில். தவில் வண்டி சாய்ந்தது.

பிறகு நடந்ததை நான் வர்ணிக்கக் கடமைப்பட்டவன் அல்ல; ஆனாலும் நேரில் இருந்த அரசு ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஆள் மூன்றே எண்களை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடம் பாடினார். மூட்டை தூக்குகிறவர் தோள் மாற்றுவது போல எண்களை மாற்றி மாற்றிப் போட்டார். நடுவில் “வால்யூம் கம்மி பண்ணு பாய்” என்று ஒரு வரி வந்தது. அது பாட்டா உத்தரவா என்று புரியாமல் பாய் ஆம்ப்ளிஃபயர் அருகே ஓடினார். ஒரு இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே நின்று, இருமி, இருமலையும் தாளத்தில் விட்டுவிட்டு மேலே ஏறினார். சாக்ஸஃபோன் கேட்டதற்குப் பதில் சொன்னார், பதிலுக்குக் கேட்டார், கிண்டல் செய்தார். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அதற்காகவே குளித்துவிட்டு வந்தவர்கள் மறந்துபோனார்கள். நிலக்காரர் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி இருந்தார், பிறகு தட்டலாம் என்று.

நானும் பேனா மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருந்தேன்.

சொல்தாவின் கண் கலங்கியிருந்தது. பாடகர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், புதிதாக ஏதோ முளைத்த மாதிரி. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

“ஒன்ஸ்மோர்.”

உடனே பத்துக் குரல். பிறகு மண்டபம் முழுக்க. பாராட்டுவதற்கு எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த மிகப்பெரிய வார்த்தை அது. பாடகர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். மற்ற யாரையும் பார்க்கவில்லை. நான் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அதுவரையிலான உத்தியோகத்தில் நான் எழுதிய நிபந்தனை ஒன்று என் கண்முன்னே நிறைவேறவிருப்பது அதுதான் முதல் தடவை. தலையசைத்தேன்.

அவர் மறுபடி பாடினார். அதையே பாடினார். ‘ஹலோ’வுக்கும் ‘ஹலோ’வுக்கும் இடையில் விட்ட மூச்சு உட்பட. ஒரு சுரம் கூடவில்லை, குறையவில்லை. சொல்தா பதறிப்போய் வேறு எதையோ ஊதி அவரை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தார், பாடகர் அசையவில்லை. சொல்தா வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அதனால் என்ன? முதல் தடவை சாக்ஸஃபோன் என்ன சொன்னதோ அதையும் பாடகர் தன் வாயாலேயே சொல்லி, அதற்குப் பதிலும் சொன்னார், வலதுபக்கம் ஒரு தடவை, இடதுபக்கம் ஒரு தடவை. தவில்காரர் முன்பு போட்ட கணக்கையே போட்டார். குரல் உடைய வேண்டிய இடம் வந்தபோது மண்டபமே முன்னால் சாய்ந்தது. உடைந்தது.

“இப்ப இருமுவாரு பாரு,” என்றார் எனக்குப் பின்னால் ஒருவர்.

இருமினார். கூரை அதிரக் கைதட்டல். நிலக்காரர் இந்தத் தடவை தாமதிக்கவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் ஸ்பூல் தீர்ந்து, டேப்பின் வால் சக்கரத்தில் பட்டுப் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஜனங்கள் கலைந்தபிறகு மேடைக்குப் பின்னால் சொல்தா பிடித்துக்கொண்டார்.

“எதுக்குடா அதையே பாடுன?”

“கேட்டாங்க அண்ணே.”

“கேட்டா வேற பாடணும்டா. இதுல அதான் மொறை.”

“வேற பாடுனா அது எப்டிண்ணே ஒன்ஸ்மோர் ஆவும்?”

“நியாயந்தானே,” என்றார் தவில்காரர், கூடுகளைக் கழற்றியபடி.

“நீ பேசாத. நீயும்தான் அதையே அடிச்ச.”

“கணக்கு கணக்குதான்பா. நேத்திக்கு ஒரு கணக்கு, இன்னிக்கு ஒரு கணக்குன்னு போட்டா தவில எவன் தொடுவான்?”

பாடகர் மட்டும் பயந்துபோயிருந்தார். “தப்பா சார்?” என்று என்னிடம் கேட்டார். விதிப்படி சரி என்றேன். பொய்யில்லை.

டேப்பைச் சொல்தா பாரிசுக்கு அனுப்பினார். பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் பாடகர் வாரம் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தபால் ஏதும் உண்டா என்று கேட்பார். கடிதம் சொல்தா வீட்டுக்குத்தான் வரும், கொம்யூனுக்கு வராது என்று ஒவ்வொரு தடவையும் விளக்கினேன். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு மறுவாரம் வந்தார். கடைசியில் சொல்தா உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் கொண்டுவந்து போட்டார். பாயின் கடையில், ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

முதல் பத்தி: ‘இந்தக் குரல் யாருடையது? இதைப் போன்ற ஒன்றை நாங்கள் இதுவரை கேட்டதில்லை. யாரை நினைவுபடுத்துகிறது என்று இங்கே எல்லோரும் யோசித்துப் பார்த்தோம். யாரையும் நினைவுபடுத்தவில்லை.’

பாடகர் முட்டிமேல் இருந்த கையைக் கெட்டியாக மூடிக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறை மொழிபெயர்ப்பில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இரண்டாம் பத்தி: ‘ஆனால் இதே பாடல் மூச்சுக்கு மூச்சு மாறாமல் இரண்டாம் தடவையும் பதிவாகியிருக்கிறது. மனோதர்மத்தில் அந்தக் கணமே பிறந்தது அப்படித் திரும்பி வராது. எனவே இது எழுதி, பயிற்சி செய்து, இருமல்வரை மனப்பாடம் செய்த உருப்படி என்று முடிவு செய்கிறோம். எங்கள் வரிசையில் இதற்கு இடமில்லை. டேப்பைத் திருப்பி அனுப்புகிறோம்.’

பாய் ஒரு ஆம்ப்ளிஃபயர் வால்வை எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“நான் திருடிட்டேன்றாங்களா சார்?”

“இல்லபா. தயார் பண்ணிட்டேன்றாங்க.”

“தயார் பண்ணியிருந்தா நல்லா பாடியிருக்க மாட்டேனா?”

அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். “அந்த மொதப் பத்திய இன்னொரு தபா படிங்க சார்,” என்றார். படித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அன்றைக்கே கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் பிரெஞ்சில் பதில் எழுதினேன். ஒன்ஸ்மோர் என்றால் என்ன, அது எங்கள் பக்கம் எப்படிக் கேட்கப்படுகிறது, மறுத்தால் நாற்காலிகள் என்ன ஆகும், ஏழாவது நிபந்தனை எந்தச் சூழ்நிலையில் இயற்றப்பட்டது என்று வரிசையாக விளக்கி, நிபந்தனைத் தாளின் மொழிபெயர்ப்பை இணைத்து, பாட்டு முன்தயாரிப்பு இல்லாதது என்று வட்ட முத்திரையோடு ஒரு சான்றிதழும் வைத்தேன். ஒரு கலைஞனுக்கு முன்தயாரிப்பின்மைச் சான்றிதழ் வழங்கிய கொம்யூன் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பதில் வரவில்லை. சான்றிதழ் வந்தபிறகு நம்பிக்கை வந்ததாக நானும் எங்கும் கண்டதில்லை.

தலையசைத்தது நான் என்று அவர்களுக்கு எழுதவில்லை. அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

டேப் திரும்பி வந்தது. சொல்தா அதைப் பார்க்கவே விரும்பவில்லை. மெஷினோடு சேர்த்துப் பாயிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச வருடத்தில் மதகடிப்பட்டுக்கும் கேசட் வந்து சேர்ந்தது. வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவதை பாய் இன்னொரு தொழிலாக வைத்துக்கொண்டார். ஒரு நாள் அந்த ஸ்பூலை எடுத்துக் கேசட்டில் ஏற்றினார். இறந்துபோன நாடகக்காரர் உட்பட முன்னால் வந்துபோன நால்வரையும் வெட்டிவிட்டார். ஒரு பக்கத்தில் முதல் தடவை பாடியது, மறுபக்கத்தில் இரண்டாம் தடவை. மேலே ஒட்டிய தாளில் பாடகரின் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே ‘ஒன்ஸ்மோருடன்’ என்று சேர்த்தார். பாடகர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டு கேட்டவருக்குப் பெட்டி கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாய் அதைத் தன் கொம்பு ஸ்பீக்கர்களில் போட ஆரம்பித்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால், கூட்டத்தில் தலைவர் வரத் தாமதமானால், திருவிழாவில் பாட்டுக்காரர்கள் சாப்பிடப் போனால், அந்த “ஹலோ ஹலோ” கேட்கும். முதலில் ஜனங்கள் உண்மையிலேயே மைக் சோதிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு அதற்காகக் காத்திருந்தார்கள். நாற்று நடுகிற பெண்கள் ஒன், டூ என்று எண்ணிக்கொண்டு நட்டதை நானே பார்த்தேன். எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதில் வட்டாரமே இரண்டாகப் பிரிந்திருந்தது. பெரும்பான்மை, இரண்டாம் பக்கம்தான் என்று அடித்துச் சொன்னது. அதில்தான் இருமல் சுத்தமாக விழுந்திருக்கிறதாம்.

மேடையில் ஏறினால் அதைப் பாடச் சொன்னார்கள். பாடினார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடிப் பார்க்க அவருக்கு ஆசை வந்திருந்தது. அதற்குள் ஜாஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுவிட்டார். ஓரிடத்தில் அப்படிப் பாடியும் பார்த்தார். “கேசட்ல இருக்கற மாதிரி பாடுபா” என்று குரல் வந்தது. அவரே அவர் மாதிரி பாடவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பண்டசோழநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். சாயங்காலம். சவுண்டு சர்வீஸ் நம் பாயுடையது. பாடகர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டுக்கு மட்டும் பெண் வீட்டார் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழுவை அழைத்திருந்தார்கள். பளபளவென்று சட்டை, எலக்ட்ரிக் கிட்டார், அறிவிப்பதற்கென்றே தனியாக ஒரு ஆள். மூன்று நான்கு சினிமாப் பாட்டு முடிந்ததும் அந்த அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

“அடுத்ததாக...” என்று இழுத்து, எங்கள் பாடகரின் பெயரை முழுதாகச் சொன்னார். “அவர் குரலில்.”

முப்பது வயது இருக்கும் ஒருவர் முன்னால் வந்தார். எங்கள் ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கேசட்டில் முகம் இல்லை. விரலால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். ஹலோ என்றார். அந்தக் கரகரப்பு, அந்தத் தேங்கிய தண்ணீர். நான் இலையிலிருந்து எழுந்து கையைக்கூடக் கழுவாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனேன். பாய் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார், முகம் சிவந்து.

“ஏறுடா மேல. ஏறி நிறுத்து. ஒன் பேர சொல்லி ஒன் கண்ணு எதுக்கவே பாடறான்.”

பாடகர் கையமர்த்தினார்.

“இருங்க பாய். நான் பாடிக்கினு இருக்கேன். கேப்போம்.”

முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறருடைய குரலை அப்படித்தான் இருபது வருடம் கேட்டுக் கேட்டுப் பிடித்தவர். மேடையில் குரல் உடைகிற இடம் வந்தது, கடந்து போனது. “சுருதி அரைக்கட்டை கம்மி சார்,” என்றார் என்னிடம், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பரவால்ல. ஆளு நாந்தான்.”

பிறகு குமிழில் கைவைத்து, பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஏற்றிவிட்டார்.